கேட்டால் கொடுக்கவும்

ரூபினாவுக்கு ஆராய்ச்சிப் பணம் கிடைத்த செய்தி வந்த அன்று சாயங்காலமே, மதிவதனி அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு கோட்டைமேட்டுக்குப் போனாள். "எனக்கே கெடச்ச மாதிரி இருக்குது புள்ள" என்று ரூபினாவைக் கட்டிப்பிடித்துச் சொன்னாள். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. என்ன சிநேகிதமப்பா என்று அந்த வீட்டில் இருந்தவர்கள் மெச்சிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த மைசூர்பாகில் ஒரே ஒரு துண்டு ரூபினாவின் தொண்டையில் சிக்காதா என்று நினைத்தாள். சேச்சே, என்ன புத்தி இது என்று உடனே தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். குட்டி என்ன பிரயோசனம்? நினைத்தது நினைத்ததுதான்.

பொறாமை யாருக்குத்தான் வராது. ஆனால் மதிவதனிக்கு வந்தது நேற்று முளைத்த பொறாமை இல்லை, இருபது வருஷமாக உரம் போட்டு வளர்த்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கோபிசெட்டிபாளையத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

அங்கே வாய்க்காலை ஒட்டிய ஒரு காலனியில் பிறந்தவள் அவள். அப்பா கதிரேசனும் அம்மா செல்லாத்தாளும் ஒரு தோட்டத்துச் சொந்தக்காரரின் பட்டுப்புழு வளர்க்கும் மனையில் கூலிக்கு இருந்தார்கள். இலை பறிப்பது, நறுக்கிப் போடுவது, புழுவுக்கு அடியில் சேரும் எச்சத்தை வழித்துக் கொட்டுவது என்று விடிந்ததில் இருந்து வேலை. தோட்டத்து வீட்டில் பலகாரம் சுட்டால் வாசம் மனை வரைக்கும் வரும். குழந்தைகளுக்கு நாக்கு ஊறும். செல்லாத்தாள் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தாள். "நாமளாக் கேக்கப்படாது. அவிய குடுத்தாலும் வேண்டாமுங்கன்னு சொல்லோணும். மறுக்காக் குடுத்தா மறுக்காவும் வேண்டாமுங்கன்னு சொல்லு. மூணாந்தரமும் குடுத்தாத்தான் கை நீட்டோணும். அதுக்குன்னு நாம தவங் கெடக்கலைன்னு அவியளுக்குத் தெரியட்டும்."

மூன்று தரம் சொல்ல வைப்பது கொங்கு நாட்டில் அதிசயமில்லைதான். பந்திக்குக் கூப்பிட்டாலும் காப்பி நீட்டினாலும் "இருக்கட்டுங்க, இப்பத்தான் ஆச்சு" என்று இரண்டு தரம் இழுத்துவிட்டுத்தான் விருந்துக்கு வந்த ஒறம்பரை சனம் உட்காரும். மற்றவர்கள் மரியாதைக்குச் செய்ததை மதிவதனி மானத்துக்காகச் செய்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு முட்டைக்கும் செய்தாள், கல்லூரியில் உதவித்தொகைப் படிவத்துக்கும் செய்தாள். இரண்டாவது தரம் யாராவது கேட்டால் பிழைத்தாள், கேட்காவிட்டால் இல்லாமல் இருந்து பழகிக்கொண்டாள். அப்படியே தட்டுத்தடுமாறி விலங்கியலில் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டாள். இப்போது நாற்பத்து நான்கு வயது, கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியை.

ரூபினா அவளோடு ஒரே வழிகாட்டியிடம் ஆராய்ச்சி செய்தவள். கோட்டைமேட்டுக்காரி. அவளுடைய அத்தா ரசாக், டவுன்ஹால் பக்கத்தில் கடிகாரம் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். ரூபினாவுக்கு இந்த மூன்று தரக் கணக்கெல்லாம் கிடையாது. வேண்டுமென்றால் கேட்பாள், கிடைக்காவிட்டால் "சரி விடுங்க" என்று போய்விடுவாள், அவ்வளவுதான். விடுதி மெஸ்ஸில் "அண்ணா, இன்னொரு பீஸ் போடுங்க" என்று தட்டை நீட்டுவாள். வழிகாட்டியின் அறையில் புது மைக்ராஸ்கோப் வந்தால், பெட்டி பிரிக்கும்போதே "ஐயா, திங்கள், புதன் எனக்கு" என்று நாள் பிடித்துவிடுவாள். அதே மைக்ராஸ்கோப்பை மூன்று மாதமாக மனசுக்குள் ஆசைப்பட்டுக்கொண்டிருந்த மதிவதனி பக்கத்தில் நின்று சிரிப்பாள். ரூபினாவின் படிப்பைப் பார்த்தோ வீட்டைப் பார்த்தோ அவளுக்கு எரிச்சல் வந்ததே இல்லை. அந்த வாயைப் பார்த்துத்தான் பற்றிக்கொண்டு வரும். எப்படிக் கூசாமல் கேட்கிறாள் பார், இவளுக்கு மட்டும் எப்படி யாரும் முகம் சுளிக்காமல் கொடுக்கிறார்கள் பார் என்று உள்ளுக்குள் புகைவாள்.

இனி பூச்சிக்கு வருவோம். பட்டுப்புழு இருபத்தைந்து நாள் மல்பெரி இலையைத் தின்று, கூடு கட்டி, பூச்சியாக வெளியே வந்தபிறகு எதுவுமே தின்னாது. அதன் வாய் வேலைக்கு ஆகாது. ஜோடி சேரும், முட்டை வைக்கும், ஐந்தாறு நாளில் செத்துவிடும். ஒருமுறை மதிவதனி வளர்த்த பூச்சிகளில் ஒரு தாய்ப்பூச்சி மட்டும் ஒன்பது நாள் உயிரோடு இருந்தது. கூடப் பிறந்ததெல்லாம் செத்துக் காய்ந்தபிறகும் அது சிறகை அடித்துக்கொண்டு காகிதத்தில் நடந்தது. ஒரே இலை, ஒரே அறை, ஒரே தாயின் முட்டை. இதற்கு மட்டும் மூப்பு ஏன் தள்ளிப் போனது? அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது.

அன்றில் இருந்து ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் தனித்தனிக் காகிதத்தில் விட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பாள். முட்டை வைத்தபிறகும் அது சாகும் நாள் வரைக்கும் காத்திருப்பாள். கடைசியாகச் சாகிற நாலைந்தின் முட்டைகளை மட்டும் அடுத்த தலைமுறைக்கு எடுப்பாள். ஒரு தலைமுறைக்கு இரண்டு மாதம். ஒன்பது வருஷத்தில் ஐம்பத்து மூன்று தலைமுறை. ஆறு நாள் பூச்சி இப்போது பதினோரு நாள் பூச்சி. உலகத்தில் வேறு யாரிடமும் இப்படி ஒரு பூச்சிக்கூட்டம் இருப்பதாக அவள் படித்ததில்லை.

கல்லூரியில் இடம் கொடுக்கவில்லை. "நாத்தம் வருதுங்க மேடம்" என்றார்கள், அவளும் இரண்டாவது தரம் கேட்கவில்லை. கவுண்டம்பாளையத்தில் குடியிருக்கும் வாடகை வீட்டின் மாடி அறைதான் ஆய்வகம். புழுவுக்குக் கொசுவர்த்திப் புகை ஆகாது, ஊதுபத்தி ஆகாது. ஒன்பது வருஷமாக அந்த வீடே கொசுக்கடியில் கிடந்தது. மல்பெரி இலையை அவள் புருஷன் மாசாணம் கொண்டுவருவான். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டர் அவன். காரமடையில் ஒரு தோட்டத்துக்காரர் ஈரச் சாக்கில் சுற்றி ஏற்றிவிடும் இலையை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்து இறக்குவான். "பொண்டாட்டிக்கு மல்லிகைப்பூ வாங்கீட்டுப் போறவனப் பாத்திருக்கறேன், எல வாங்கீட்டுப் போறவன் நான் ஒருத்தன்தான்" என்பான். "அந்தப் பூச்சியும் உன்னாட்டமேதான் புள்ள. வாய் இருக்குது, ஒண்ணத்துக்கும் ஆகறதில்ல."

இந்தப் பிழைப்புக்கும் இப்போது முடிவு வந்துவிட்டது. வீட்டுக்கார ராமாமணி அம்மாள் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். "டீச்சருங்க, ஆவணிக்குள்ள மாடி ரூம காலி பண்ணிக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டார். இந்த ஜாதிப் பூச்சியின் முட்டை பத்தாம் நாள் பொரிந்துவிடும், எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்பதெல்லாம் நடக்காது. ஆராய்ச்சிக்கு வெளியில் இருந்து பணம் கிடைத்தால் கல்லூரியே ஒரு அறை தரும், இலைக்கு ஏற்பாடு செய்யலாம், மரபணுவைப் படிக்கவும் அனுப்பலாம். கிடைக்காவிட்டால் ஐம்பத்து நாலாவது தலைமுறையோடு ஒன்பது வருஷமும் மண்ணாய்ப் போகும்.

அந்தச் சமயத்தில்தான் ரங்கராஜ் அறக்கட்டளை அறிவிப்பு வந்தது. ரங்கராஜ், பம்புசெட் செய்து பெரிய ஆளானவர். எழுபத்தொன்பது வயது. "என்ற பம்பு முப்பது வருசம் ஓடுதுன்னா ஏன் ஓடுதுன்னு எனக்குத் தெரியுமுங்க. நான் எழுபத்தொம்பது வருசமா ஓடறேன், அது ஏன்னு ஒருத்தருக்கும் தெரியலீங்களே" என்று கூட்டத்தில் பேசினார். மூப்பு ஆராய்ச்சிக்கு, அதுவும் இன்னும் ஒன்றுமே நிரூபணமாகாத தொடக்க நிலை வேலைகளுக்கு மட்டும் பணம் தருவதாக அறிவித்தார். "மொளச்சு நிக்கறதுக்குக் குடுக்க கவர்மெண்ட்டு இருக்குதுங்க. மொளைக்குமா மொளைக்காதான்னு தெரியாததுக்கு நாந்தானுங்க குடுக்கோணும்." விண்ணப்பித்தவர்களில் ஆறு பேர் கடைசிச் சுற்றுக்கு வந்தார்கள். மதிவதனி ஒருத்தி. ரூபினா இன்னொருத்தி. அவிநாசி ரோட்டில் ஒரு தனியார் ஆராய்ச்சி மையத்தில் இருக்கும் ரூபினா, எண்பது வயதுக்காரர்களின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சிலருக்கு மட்டும் எப்படி இளசாக இருக்கின்றன என்று பார்க்கத் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தப் பட்டியலைப் பார்த்த நாளில் இருந்தே மதிவதனிக்குச் சோறு இறங்கவில்லை. தன் விண்ணப்பத்தை ரூபினாவிடம் காட்டி ஒரு வார்த்தை கேட்கலாம் என்று முன்பே தோன்றியதுதான். காட்டுவேனா, காட்டினால் என்னென்ன உருவிக்கொள்வாளோ என்று மூடி வைத்துக்கொண்டாள்.

மாசி மாதத்தில் அறக்கட்டளையின் திட்ட அலுவலர் நித்யஸ்ரீ வீட்டுக்கே பார்க்க வந்தாள். முப்பது வயதிருக்கும். சென்னையில் வளர்ந்த பெண், கோவைக்கு வந்து நாலு மாதம்தான். புழுவுக்கு நோய் தொற்றாமல் இருக்க வைத்திருந்த பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள், கிண்ணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், நல்ல நல்ல கேள்வியாகக் கேட்டாள். கீழே வந்ததும் மதிவதனி காப்பி கொடுத்தாள். "வேண்டாம் மேடம், நான் காப்பி குடிக்கறதில்ல" என்றாள் அவள். மதிவதனி விடுவாளா? "அதெல்லாமில்லீங்க, ஒரு வாய்" என்றாள். மறுபடியும் வேண்டாம் என்றாள். மறுபடியும் நீட்டினாள். பாவம், அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்கினாள்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "மேடம், ஓப்பனா சொல்லுங்க. இந்தப் பணம் உங்களுக்கு எவ்வளவு அவசரம்?"

மதிவதனியின் உடம்பெல்லாம் அவசரம்தான். ஆவணி, மாடி அறை, ஐம்பத்து மூன்று தலைமுறை எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. வாய் திறந்தபோது செல்லாத்தாளின் சட்டம்தான் பேசியது. "எனக்கென்னங்க அவசரம், மெதுவா ஆகட்டுங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். ரூபினா மேல் தனக்கு இருக்கும் புகைச்சல் முகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயம் வந்தது. "ரூபினாவும் போட்டிருக்காளுங்களே, அவ கெட்டிக்காரிங்க. அவளுக்குப் பாத்துக் குடுங்க முதல்ல" என்று சேர்த்து வேறு சொன்னாள். சொல்லிவிட்டு, சேச்சே அப்படிச் சொல்லாதீங்க மேடம் என்று அந்தப் பெண் சொல்வதற்காகக் காத்திருந்தாள். அந்தப் பெண் "ஓகே மேடம், தேங்க்ஸ்" என்று நோட்டை மூடிப் பையில் வைத்தாள். கார் தெருமுனை திரும்பும் வரைக்கும் மதிவதனி வாசலிலேயே நின்றாள்.

பங்குனியில் ரூபினாவுக்குக் கிடைத்தது. மைசூர்பாகும் போனது.

அதற்குப் பிறகு அவள் பட்டபாடு இருக்கிறதே! ரங்கராஜ் கையில் இருந்து ரூபினா பெரிய அட்டைக் காசோலை வாங்கும் படம் பேப்பரில் வந்தது. அதை போனில் வைத்துக்கொண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். சேலை புதுசு, அந்தச் சிரிப்பு மட்டும் அதே மெஸ்ஸில் இரண்டாவது பீஸ் வாங்கிய சிரிப்பு. "இன்னுங் கொஞ்சம் இழுத்தீன்னா அந்தப் புள்ள போனக் கிழிச்சுப்போட்டு வெளிய வந்துரும்" என்றான் மாசாணம். அவள் மாடிக்குப் போய்விட்டாள். வாட்ஸப்பில் ரூபினாவின் நிலைப்படம் மாறினால் எரிந்தது. புது ஃப்ரீசர் வாங்கப் போகிறாள் என்று கேட்டபோது எரிந்தது. "மதி, எப்படி இருக்கே, ஒரு நாள் வா" என்று ரூபினா போன் செய்தாலும் எரிந்தது. கொடுத்து வைத்தவளுக்கு எல்லோரையும் கூப்பிட நேரம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

எரிச்சலுக்கு ஒரே ஒரு மருந்து இருந்தது. அது அவளே காய்ச்சிய கஷாயம். "எனக்குத்தான் வந்திருக்கோணுமுங்க. நான்தான் அவளுக்கு விட்டுக் குடுத்துப்போட்டேன்" என்று ஆசிரியர் அறையில் முதலில் மெல்லச் சொன்னாள். கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். இரண்டாவது வாரம் அது, "அவங்க எனக்குத்தான் குடுக்கறேன்னாங்க, நான்தான் ஒரேயடியா மறுத்துட்டேன்" என்று வளர்ந்தது. மூன்றாவது வாரத்தில் கொங்கு மரியாதையின் கடைசி மனுஷி தான்தான் என்று அவளே நம்பிவிட்டாள். மரியாதையால் தோற்றேன் என்பதில் ஒரு சுகம் இருந்தது, அதைக் குடித்துத்தான் வைகாசி வரைக்கும் ஓட்டினாள். ஐம்பத்து நாலாம் தலைமுறைப் புழுக்கள் மாடியில் மூன்றாவது தோலை உரித்துக்கொண்டிருந்தன.

வைகாசியில் நித்யஸ்ரீ போன் செய்தாள். கிடைக்காத ஐந்து பேருக்கும் ஏன் கிடைக்கவில்லை என்று சொல்வது அவர்கள் வழக்கமாம்.

"அது எனக்கே தெரியுமுங்க மேடம்" என்று மதிவதனி பெருந்தன்மையாகச் சிரித்தாள். "அன்னிக்கு நான் ரூபினாவுக்குக் குடுங்கன்னு சொன்னேனில்லீங்க."

"ஐயோ, அதெல்லாம் இல்ல மேடம்" என்றாள் நித்யஸ்ரீ. "மூணு பேர் மதிப்பீடு செஞ்சாங்க. நான் உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே மார்க் வந்தாச்சு. நீங்க சொன்னத நான் எழுதவே இல்ல. எங்க ஆபீஸ் டிரைவர் அண்ணன் அன்னிக்கே கார்ல சொல்லிட்டார். இந்த ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தமில்ல கண்ணு, மரியாதைக்குச் சொல்லுவாங்க, நீ கண்டுக்காதேன்னு."

மதிவதனி இரண்டு மாதமாகக் குடித்த கஷாயத்தை ஒரு டிரைவர் கவிழ்த்துவிட்டான். அப்படியானால் அவள் எதையும் விட்டுக்கொடுக்கவே இல்லை. நேராகத் தோற்றிருக்கிறாள்.

நித்யஸ்ரீ மதிப்பீட்டை வாசித்தாள். வேலை அபூர்வமானது என்று மூன்று பேருமே எழுதியிருந்தார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, தொடக்கத்தில் இருந்த சாதாரணப் பூச்சிகளின் மாதிரி ஒன்றுகூடக் கையில் இல்லை. இப்போது வெளியில் வாங்கும் பூச்சி வேறு வம்சத்தில் வந்தது, ஒன்பது வருஷ வித்தியாசம், அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. "முதல் தலைமுறைப் பூச்சி ஏதாவது எங்கயாவது பத்திரமா இருக்கா மேடம்? இருந்தா சொல்லுங்க. அடுத்த சுற்றுக்கு இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு. அது மட்டும் இருந்தா உங்க கேஸே வேற."

இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முதல் தலைமுறைப் பூச்சிகள் நாற்பதைத் அலுமினியத் தாளில் சுற்றி, சின்ன அட்டைப் பெட்டியில் அடுக்கி, மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர் இருந்த ஒரே இடத்தில் அவள் வைத்தாள். ரூபினாவின் மையத்தில். கொரோனா சமயத்தில் அந்த மையம் வேறு கட்டடத்துக்கு மாறியபோது பழைய ஃப்ரீசர் நின்றுபோய் எல்லாவற்றையும் கழித்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். ரூபினாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் சங்கடப்படுவாளே என்று மதிவதனி கேட்கவில்லை. விண்ணப்பத்தில் 'மாதிரிகள் இல்லை' என்று தன் கையாலேயே எழுதினாள்.

இரண்டு நாள் தூக்கமில்லை. அந்தப் பெட்டி போயிருந்தாலும் கொடுமை, இருந்தாலும் கொடுமை. இருந்தால் அவளிடம் போய் நிற்க வேண்டும். இந்த உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, அவளிடமா? "போய்க் கேட்டுப்போட்டு வா புள்ள" என்றான் மாசாணம். "இல்லைன்னு சொன்னா எல மூட்ட மிச்சம்." அவன் விளையாட்டாகத்தான் சொன்னான், சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்ததும் இலைச் சாக்கைப் பிரிக்கப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் கோட்டைமேட்டுக்குப் போனாள். ரூபினா நைட்டியும் துப்பட்டாவுமாகக் கதவைத் திறந்தாள். மைசூர்பாகு டப்பாவில் இப்போது ஊசி நூல் இருந்தது.

"வா வா. டீ குடிக்கறியா?"

"வேண்டாம் புள்ள, இப்பத்தான் குடிச்சுப்போட்டு வந்தேன்."

"சரி" என்று ரூபினா எதிரில் உட்கார்ந்தாள். வெயிலில் வந்த மதிவதனிக்கு நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. இவள் எப்போதும் இப்படித்தான், இரண்டாவது தரம் கேட்கவே மாட்டாள். கல்லூரி, வெயில், ராமாமணி அம்மாள் வீட்டுக் கல்யாணம் என்று சுற்றிச் சுற்றிப் பேசினாள். ரூபினா கொட்டாவி விட்டாள்.

"ஒண்ணுமில்ல புள்ள" என்றாள் மதிவதனி கடைசியில். "அன்னிக்கு உங்க ஃப்ரீசர்ல ஒரு பெட்டி வெச்சிருந்தேன். இருந்தாலும் பரவால்ல, இல்லாட்டியும் பரவால்ல. சும்மா ஞாபகம் வந்துச்சு, அதான்..."

"எது பரவால்ல? வேணுமா, வேண்டாமா?"

இத்தனை வருஷம் வயிற்றில் எரிந்ததெல்லாம் ஒன்றாகத் திரண்டு வாய்க்கு வந்தது. "வேணும்" என்றாள் மதிவதனி. குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "எனக்கு அது வேணும் ரூபினா. அது இல்லாட்டி நான் ஒண்ணுமில்லாமப் போயிருவேன். இருக்குதா, இல்லையா?"

ரூபினா எழுந்து உள்ளே போய் புர்கா போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் சாவியோடு வந்தாள். இரண்டு பேரும் அவிநாசி ரோட்டுக்குப் போனார்கள். மையத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆளில்லை. ரூபினா கனத்த கையுறையை மாட்டிக்கொண்டு ஃப்ரீசரைத் திறந்து, புகை மாதிரி வந்த குளிருக்குள் கைவிட்டு, அடித்தட்டில் இருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். மேலே ஒட்டியிருந்த தாளில் ரூபினாவின் கையெழுத்து. 'மதி. முதல் தலைமுறை, 40. கேட்டால் கொடுக்கவும்.' அதற்குக் கீழே மூன்று தேதிகள். கட்டடம் மாறியபோது ஒன்று, ஃப்ரீசர் பழுதாகிப் பக்கத்துக் கல்லூரிக்கு மாற்றியபோது ஒன்று, திரும்பக் கொண்டுவந்தபோது ஒன்று.

"எல்லாத்தையும் கழிச்சுட்டாங்கன்னு சொன்னாங்களே" என்றாள் மதிவதனி.

"கழிச்சாங்க. எனக்கு வேணும்னு கேட்டு இத எடுத்துக்கிட்டேன். மூணு நாள் எங்கூட்டு வாசல்ல டிரை ஐஸ்ல இருந்துச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

"சொன்னேன். அப்பவே போன் பண்ணி, உன் சாமான் ஒண்ணு எங்கிட்ட இருக்கு மதி, வேணுமான்னு கேட்டேன். எனக்கொண்ணும் வேண்டாம் புள்ளன்னு பட்டுனு சொல்லிட்டே. என்ன சாமான்னுகூடக் கேக்கல."

மதிவதனிக்கு ஞாபகம் வந்தது. டிபன் டப்பா ஏதாவது இருக்கும் என்று நினைத்து, பழக்க தோஷத்தில் சொன்னது.

"மறுக்கா ஒரு தரம் கேட்டிருந்தா என்ன?"

"நான் ஒரு தரம்தான் கேப்பேன்" என்றாள் ரூபினா. "உனக்குத் தெரியாதா? உங்கூட இருபது வருசம் இருந்து எனக்கு மட்டும் கோபம் வராதா மதி? எது குடுத்தாலும் வேண்டாம், எது கேட்டாலும் பரவால்ல. எனக்குப் பணம் வந்தன்னிக்குக்கூட எனக்கே கெடச்ச மாதிரி இருக்குன்னே. பொய்தானே?"

"பொய்தான்" என்றாள் மதிவதனி. "மைசூர்பாகு உன்ற தொண்டைல சிக்கோணும்னு நெனச்சேன்."

ரூபினா ஃப்ரீசர் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தாள். "சரி, எனக்கு ஒண்ணு வேணும்" என்றாள் துடைத்துக்கொண்டு. "நீ ஆராய்ச்சிப் பேப்பர் போடும்போது என் பேரும் வரணும்."

இதோ கேட்டுவிட்டாள் பார், இப்போதும் முதலில் கேட்டவள் அவள்தான் என்று மதிவதனிக்குச் சுருக்கென்றது. ஆனால் இந்தத் தரம் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்கவில்லை. "ரெண்டாவது பேராப் போடறேன். முதல் பேரு என்னுது" என்றாள். ரூபினா சரி என்றாள்.

அன்றைக்கே மதிவதனி அறக்கட்டளைக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினாள். ஆனி பிறந்ததும் நித்யஸ்ரீ மறுபடியும் வந்தாள். மாடியில் ஐம்பத்து நாலாம் தலைமுறைப் பூச்சிகள் கிண்ணங்களுக்கு அடியில் பத்தாவது நாளாக நடந்துகொண்டிருந்தன. பார்த்துவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்ததும் மதிவதனி காப்பி கொண்டுவந்தாள். நித்யஸ்ரீ இதற்குள் ஊர்ப் பழக்கம் பழகியிருந்தாள், காப்பியும் பழகியிருந்தாள். "இருக்கட்டுங்க மேடம், இப்பத்தான் ஆச்சு" என்று அழகாக இழுத்தாள்.

"சரிங்க" என்று மதிவதனி டம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். மாசாணம் அதை வாங்கிக் குடித்தான்.

நித்யஸ்ரீ டம்ளர் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தாள். "மேடம், போன தடவை கேட்ட அதே கேள்விதான். இந்தப் பணம் உங்களுக்கு எவ்வளவு அவசரம்?"

மதிவதனி கையைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப அவசரமுங்க. ஆவணிக்குள்ள வேணுமுங்க. ரூபினாவுக்குத்தான் குடுத்தாச்சில்லீங்க, இந்தத் தரம் எனக்குக் குடுங்க."

நித்யஸ்ரீ இந்த முறை அதை எழுதிக்கொண்டாள்.